வைஃபையில் பிங் எகிறுகிறதா? ரவுட்டரின் டிரைவர் வரை தேடிப் பிடிக்கும் வழி

ஸ்பீட் டெஸ்ட் போட்டால் காசு கொடுத்த வேகம் முழுசாக வருகிறது. வீடியோ கால் போட்டால் மட்டும் எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார். சில நொடி கழித்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசி முடிக்கிறார். இப்படி இருந்தால் உங்கள் பிரச்சினை வேகம் இல்லை, தாமதம். இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறினாலும் இது தீராது. கஸ்டமர் கேரில் முதலில் அதைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் பல வாரம் இதே கதை. இணைய நிறுவனத்தின் ஆள் வந்து ஃபைபரின் பவர் அளவைப் பார்த்துவிட்டு "லைன் கிளீன் சார்" என்று போய்விட்டார். அவர் சொன்னது உண்மைதான். கோளாறு ரவுட்டருக்குள், வைஃபை சிப்பை ஓட்டும் டிரைவர் என்ற மென்பொருளில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வழி ஒரே இடத்தில் வரிசையாக எழுதிக் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். லினக்ஸ் என்ற இயங்குதளம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முதல் ஐந்து படிகளை யார் வேண்டுமானாலும் செய்யலாம், பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். ஆறாவது படிக்கு மேல் போகிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

1. தொடங்கும் முன்: செலவும் நேரமும் காகிதங்களும்

செலவு பெரிதில்லை. ஒரு நல்ல லேன் கேபிள் வேண்டும், கேட்6 என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்றும் வேண்டும். சில நூறு ரூபாயில் இரண்டும் முடியும். மென்பொருள் எதற்கும் காசு கிடையாது.

நேரம்தான் செலவு. அளக்கும் படிகளுக்கு ஒரு மாலை போதும். ஃபர்ம்வேரை, அதாவது ரவுட்டருக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றும் வேலைக்கு வீட்டில் யாருக்கும் இணையம் தேவைப்படாத அரை நாளை ஒதுக்குங்கள். மாற்றம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஏதாவது சொதப்பினால் மீட்டெடுக்கத்தான் அந்த அரை நாள். மின்வெட்டு வரும் பகுதி என்றால் ரவுட்டரை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஃபர்ம்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ரவுட்டர் செங்கல்லாகிவிடலாம்.

கையில் எடுத்து வைக்க வேண்டியவை:

- ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரின் புகைப்படம். மாடல் பெயர் மட்டும் போதாது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வெர்ஷன் எண்தான் முக்கியம். ஒரே மாடலின் வெர்ஷன் 2-இல் ஒரு நிறுவனத்தின் சிப்பும் வெர்ஷன் 4-இல் வேறு நிறுவனத்தின் சிப்பும் இருக்கலாம். வெர்ஷன் மாறிய ஃபர்ம்வேரை ஏற்றுவதுதான் ரவுட்டரைக் கொல்லும் நேர்வழி.
- ரவுட்டர் இணைய நிறுவனத்தோடு லாகின் செய்யும் பிபிபிஓஇ முறையின் யூசர் பெயர், பாஸ்வேர்டு, இணைப்பைப் பிரித்துக் காட்டும் விலான் எண். உங்கள் இணைப்பில் இவை உண்டா என்று இணைய நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். ரவுட்டரை ரீசெட் செய்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.
- இப்போதைய செட்டிங்ஸின் பேக்கப் கோப்பு. பெரும்பாலான ரவுட்டர்களில் பேக்கப் என்றொரு பொத்தான் இருக்கும்.
- வாங்கிய பில். வாரண்டி பாக்கி இருந்தால், வேறு ஃபர்ம்வேர் ஏற்றினால் அது போய்விடக்கூடும். அப்படிப்பட்டவர்கள் ஆறாவது படிக்கு முன் விற்பனையாளரிடம் மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள்.

2. தாமதம் எந்த இடத்தில் என்று முதலில் பிரியுங்கள்

இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து ரவுட்டர் வரை ஒரு தூரம், ரவுட்டரிலிருந்து வெளி உலகம் வரை இன்னொரு தூரம். தாமதம் முதல் தூரத்தில் இருந்தால் மட்டுமே இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவும்.

கமாண்ட் பிராம்ப்ட் அல்லது டெர்மினலைத் திறந்து, பிங் கட்டளையை ரவுட்டரின் முகவரிக்குப் போடுங்கள். ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அது காட்டும். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும். நிற்காமல் ஓட மைனஸ் குறியோடு ஆங்கில 'டி' எழுத்தைச் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். முதலில் லேன் கேபிளில், வைஃபையை அணைத்துவிட்டு. அப்புறம் கேபிளைப் பிடுங்கிவிட்டு வைஃபையில், ரவுட்டர் இருக்கும் அதே அறையில் உட்கார்ந்து.

கேபிளில் ஒரு மில்லிநொடிக்குள் வர வேண்டும். அதே அறையில் நல்ல வைஃபை என்றால் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வரும், எப்போதாவது பத்து இருபது தொடும். சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2, 1, 3, 2, 240, 310, 2 என்று போகும் வரிசையின் சராசரி எண்பது. ஆனால் வீடியோ காலை உறைய வைப்பது அந்த 240-உம் 310-உம்தான். அதிகபட்ச எண்ணையும், அது எத்தனை நொடிக்கு ஒருமுறை வருகிறது என்பதையும் குறித்து வையுங்கள். சரியான இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரிய தடயம். எதுவோ குறித்த நேரத்துக்கு ஓடுகிறது என்று பொருள்.

எவ்வளவு தாமதம் வரை தாங்கும் என்று கேட்டால், குரல் அழைப்புக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும் என்பது ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் பரிந்துரை. வீட்டுக்குள்ளேயே அதை மொத்தமாகத் தின்றுவிட்டால் வெளியே போக மிச்சம் இல்லை.

கேபிளிலும் ரவுட்டர் வரைக்குமே எகிறினால் ரவுட்டர் திணறுகிறது. ரவுட்டர் வரை இரண்டிலும் சுத்தமாக இருந்து, வெளியே ஒரு முகவரிக்குப் போட்டால் மட்டும் எகிறினால் கோளாறு உங்கள் இணைய நிறுவனத்தின் பக்கம். கேபிளில் சுத்தம், வைஃபையில் மோசம் என்றால்தான் தொடர்ந்து படியுங்கள்.

ஒரு பொறி: சில ரவுட்டர்கள் தங்களுக்கே வரும் பிங்குக்குச் சோம்பேறித்தனமாகப் பதில் சொல்லும், கடந்து போகும் டேட்டாவை ஒழுங்காகவே அனுப்பும். சந்தேகம் இருந்தால் இன்னொரு கம்ப்யூட்டரை கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, வைஃபை லேப்டாப்பிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு பிங் போடுங்கள். நம்பத் தகுந்த எண் அதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்தால் அதன் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கும், அதைக் கொஞ்ச நேரம் திறந்துவிட வேண்டும்.

3. போனையும் லேப்டாப்பையும் விசாரித்துவிடுங்கள்

ரவுட்டரைக் குற்றம் சொல்லும் முன் இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். புதியவர்கள் அதிகம் விழும் குழி இங்கேதான் இருக்கிறது.

ரவுட்டரிலிருந்து போனுக்கு பிங் போட்டால் 100, 200 என்று வரும். அது கோளாறே இல்லை. போன் பேட்டரியை மிச்சப்படுத்த ரேடியோவை அணைத்துத் தூங்கும். ரவுட்டர் ஏறத்தாழ 102 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்பைக் கேட்கத்தான் எழுந்திருக்கும். பிங் அதுவரை ரவுட்டரில் காத்துக் கிடக்கும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு ரவுட்டரின் டிரைவரைத் திட்டுகிறவர்கள் ஏராளம். இடைவெளியை நொடிக்கு ஐந்து பிங் என்று குறைத்துப் போட்டுப் பாருங்கள். எண் சட்டென்று இறங்கினால் அது தூக்கம்தான். லினக்ஸிலும் மேக்கிலும் இடைவெளியை 0.2 நொடி என்று கொடுக்க முடியும். விண்டோஸின் சொந்த பிங்கில் முடியாது.

லேப்டாப்பிலும் இதே தூக்கம் உண்டு. விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸின் உள்ளே வயர்லெஸ் அடாப்டருக்கு மேக்சிமம் பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள். லினக்ஸில் வைஃபையின் 'பவர் சேவ்' வசதியை அணையுங்கள். மேக்கிலும் ஐபோனிலும் ஏர்டிராப் வேலை செய்ய ரேடியோ அவ்வப்போது வேறு சேனலுக்குத் தாவிவிட்டு வரும், அந்த நேரத்தில் பிங் துள்ளும். சோதிக்கும் வரை ஏர்டிராப்பை அணைத்து வையுங்கள். பக்கத்தில் என்ன நெட்வொர்க் இருக்கிறது என்று லேப்டாப் பின்னணியில் ஸ்கேன் செய்யும்போதும் இப்படித்தான் துள்ளும்.

நேர்மையான சோதனை ஒன்று உண்டு: வெவ்வேறு நிறுவனச் சிப் கொண்ட இரண்டு கருவிகளில் அளந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் எகிறினால் குற்றவாளி அந்தக் கருவி. இரண்டிலும் ஒரே நேரத்தில் எகிறினால் ரவுட்டர் அல்லது காற்று. அந்த லேப்டாப்பையே வேறு வீட்டு வைஃபையில் போட்டுப் பார்ப்பதும் நல்லது.

4. காற்றில் கூட்டமா என்று பாருங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். அடுக்குமாடியில் 40 போடுவது அக்கம்பக்கத்தாரோடு சண்டைக்கு அழைப்பு. மைக்ரோவேவ் அவனும் ப்ளூடூத்தும் இதே பட்டையில்தான் இருக்கின்றன. முடிந்தால் சோதனை முழுவதையும் 5 கிகாஹெர்ட்ஸில் செய்யுங்கள். சேனலை ஆட்டோவில் விடாமல் 36 அல்லது 149 என்று நிலையாக வையுங்கள். 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் முதலில் குறைந்தது 60 நொடி கேட்டுவிட்டுத்தான் வைஃபையைத் திறக்கும். அதைப் பார்த்து "வைஃபையே வரவில்லை" என்று பதறிப்போய்த் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தால் அது வரவே வராது.

அப்புறம் ஒருநாள் அதிகாலை நாலு, ஐந்து மணிக்கு எழுந்து அதே பிங்கைப் போடுங்கள். ஊரே தூங்கும் நேரத்தில் சுத்தமாக இருந்தால் கூட்டம்தான் காரணம், டிரைவரை விட்டுவிடுங்கள். அப்போதும் அதே துள்ளல் என்றால் அடுத்த படி.

5. சுமை ஏற்றிப் பாருங்கள், லாகைப் படியுங்கள்

டிரைவர் கோளாறுகள் பெரும்பாலும் சும்மா இருக்கும்போது தெரியாது. ரேஷன் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் பத்துக் கார்டோடு நின்றால் ஒரு லிட்டர் எண்ணெய் வாங்க வந்த நீங்களும் காத்திருக்க வேண்டியதுதானே. பெரிய டவுன்லோடு ஓடும்போது உங்கள் குரலைச் சுமந்து போகும் பாக்கெட்டுக்கு, அதாவது டேட்டாத் துண்டுக்கு, அதுதான் நடக்கிறது. நல்ல டிரைவர் வரிசையைக் குட்டையாக வைத்திருக்கும், சின்ன பாக்கெட்டை முன்னால் விடும். மோசமான டிரைவர் வாங்கியதையெல்லாம் சிப்புக்குள் அடுக்கிக்கொண்டே போகும்.

இதைச் சோதிக்க இணையம் வேண்டாம், வேண்டவும் கூடாது. கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் வைஃபை லேப்டாப்பிலும் ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இரண்டு நிமிடம் டேட்டா தள்ளுங்கள். அதே நேரத்தில் பிங்கையும் ஓட்டுங்கள். இறங்கும் திசை, ஏறும் திசை இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 2, சுமையில் 20-30 என்றால் ஆரோக்கியம். சுமையில் 300, 800 என்று போனால் வைஃபை வரிசை வீங்கியிருக்கிறது. சும்மா இருக்கும்போதே துள்ளினால் அது வேறு வகைக் கோளாறு, அதற்கும் டிரைவர் காரணமாகலாம்.

வீட்டுக்குள் சுமை ஏற்றினால் சுத்தம், இணையத்திலிருந்து டவுன்லோடு செய்யும்போது மட்டும், அதுவும் கேபிளிலும் சேர்த்து எகிறுகிறது என்றால் வரிசை வீங்குவது உங்கள் இணைய இணைப்பின் வாசலில். அதற்கு மருந்து அந்த வரிசை வீங்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதியை ரவுட்டரில் இயக்குவது, டிரைவர் மாற்றுவது அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் உண்டு.

சுமை ஓடும்போது ரவுட்டரின் சிபியுவையும் பாருங்கள். பார்க்க வழி இருந்தால் 'எஸ்ஐஆர்க்யூ' என்ற சதவீத எண்ணைத் தேடுங்கள். பாக்கெட்டுகளைக் கையாள்வது போன்ற வேலைகளில் சிபியு எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று அது காட்டும். அது 100-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் ரவுட்டரின் மூளைக்கே மூச்சு வாங்குகிறது. டிரைவர் மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

கடைசியாக கர்னல் லாக், அதாவது ரவுட்டர் இயங்குதளத்தின் மையப்பகுதி எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பு. பிங் எகிறிய நேரத்தையும் லாக் காட்டும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வைஃபை சிப்பின் ஃபர்ம்வேர் கிராஷ் ஆனது, சிப்புக்கு அனுப்பிய மெசேஜ் டைம்அவுட் ஆனது, சிப் ரீஸ்டார்ட் ஆனது என்ற பொருளில் வரிகள் அதே நொடியில் இருந்தால் உங்களுக்கு வேறு சாட்சி வேண்டாம். லாக் சுத்தமாக இருந்தாலும் டிரைவர் நிரபராதி என்று ஆகிவிடாது. வரிசையை வீங்க விடும் டிரைவர் லாகில் எதையும் எழுதாது.

6. உங்கள் ரவுட்டரில் டிரைவரை மாற்ற முடியுமா?

மூன்று நிலைமைகள் உண்டு.

இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் முடியாது. அதன் ஃபர்ம்வேர் அவர்கள் கையில். அதோடு மல்லுக்கட்டாமல் அதன் வைஃபையை அணைத்துவிட்டு, சொந்த ரவுட்டர் ஒன்றை அதன் லேன் துளையில் செருகி, வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட் மோடில் ஓட்டுங்கள். இதற்குப் பிபிபிஓஇ விவரம்கூட வேண்டாம்.

கடையில் வாங்கிய, அதன் சொந்த ஃபர்ம்வேரோடு ஓடும் ரவுட்டர் என்றால் டிரைவர் அந்த ஃபர்ம்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும். ரவுட்டர் பக்கத்தில் 'அப்டேட் இல்லை' என்று காட்டுவதை மட்டும் நம்பாமல், தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடல், வெர்ஷன், நாடு மூன்றும் பொருந்தும் பக்கத்தைத் தேடுங்கள். புதியதை ஏற்றிய பிறகுதான் கோளாறு தொடங்கியது என்றால் பழையதற்குத் திரும்பிப் பாருங்கள், சில மாடல்கள் மட்டும் அனுமதிக்கும்.

மூன்றாவது, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற, லினக்ஸில் அமைந்த இலவச ரவுட்டர் ஃபர்ம்வேர் ஓடும் அல்லது ஓடக்கூடிய ரவுட்டர். டிரைவரைத் தனியாகத் தொட வழி இருப்பது இங்கேதான். உங்கள் மாடலுக்கு ஆதரவு உண்டா என்று அதன் ஹார்டுவேர் பட்டியலில் வெர்ஷன் எண்ணோடு தேடுங்கள். அதே பக்கத்தில் எந்தச் சிப், எந்த டிரைவர் என்றும் இருக்கும். குவால்காம் ஏத்தெரோஸின் பழைய 802.11என் சிப் என்றால் ஏத்9கே, 802.11ஏசி சிப் என்றால் ஏத்10கே. மீடியாடெக் என்றால் எம்டி76. இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், இனி எல்லாம் இதைப் பொறுத்தது. பிராட்காம் சிப் என்றால் ஆதரவு மிகவும் குறைவு; வேறு ரவுட்டர் பாருங்கள் என்பதே என் ஆலோசனை.

7. டிரைவரை மாற்றும் முன் அணைத்துப் பார்க்க வேண்டியவை

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஐந்தாவது படியின் சோதனையைத் திரும்பப் போடுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியானால் எது சரியாக்கியது என்று தெரியாது, அடுத்த அப்டேட்டில் திரும்பவும் முதலிலிருந்து.

எம்டி76 ரவுட்டர்களில், குறிப்பாக ஃபிலாஜிக் வகைச் சிப்புகளில், டபிள்யூஇடி என்றொரு வசதி உண்டு. பாக்கெட்டுகளைச் சிபியுவின் கையில் கொடுக்காமல் நேராக வைஃபை சிப்புக்குத் தள்ளும். வேகம் ஏறும், சிபியு ஓய்வெடுக்கும். ஆனால் வரிசையைக் குட்டையாக வைக்கும் வேலை ரவுட்டரின் லினக்ஸ் பக்கம் நடப்பது. அதைத்தான் இது தாண்டிப் போகிறது. யாரோ வேகத்துக்காக இயக்கச் சொன்னதைக் கேட்டு இயக்கியிருந்தால் முதலில் அதை அணையுங்கள். ஃபயர்வால் பக்கத்தில் இருக்கும் ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்கும் அதே ஜாதி. எஸ்க்யூஎம்மை இயக்கிவிட்டு இதையும் இயக்கி வைத்தால் எஸ்க்யூஎம் பெயருக்குத்தான் இருக்கும்.

அடுத்து ஏக்யூஎல், அதாவது ஏர்டைம் க்யூ லிமிட். எத்தனை மைக்ரோநொடி அளவுக்கான டேட்டாவைச் சிப்புக்குள் முன்கூட்டியே அடுக்கலாம் என்ற எல்லை அது. லினக்ஸின் இயல்பு எண்கள்: கீழ் எல்லை 5000, மேல் எல்லை 12000. ஏத்10கே, எம்டி76 இரண்டும் இதை மதிக்கின்றன. எஸ்எஸ்ஹெச் என்ற கட்டளை இணைப்பு வழியாக ரவுட்டருக்குள் போனால், கர்னலின் டிபக் அடைவில் ஒவ்வொரு ரேடியோவின் பெயரிலும் இதற்கான கோப்பு இருக்கும். குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்ற நான்கு வரிசைகளுக்கும் இரண்டு எண்களையும் 1500 என்று இறக்கிப் பாருங்கள். சுமையில் வரும் தாமதம் இறங்கும், உச்ச வேகம் கொஞ்சம் அடிபடலாம். வீடியோ காலுக்காகக் கஷ்டப்படுகிற வீட்டில் அது நல்ல பேரம். ரீஸ்டார்ட் செய்தால் பழைய எண்ணுக்குத் திரும்பிவிடும். பிடித்திருந்தால் மெனுவில் சிஸ்டம், ஸ்டார்ட்அப், லோக்கல் ஸ்டார்ட்அப் பெட்டியில் அதே கட்டளையை எழுதி வையுங்கள்.

இன்னொன்று: மூலையில் எங்கோ கிடக்கும் பழைய வைஃபை கேமரா ஒன்று, மெதுவான வேகத்தில் பேசிக்கொண்டு காற்றின் நேரத்தையெல்லாம் தின்னும். அதை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

8. டிரைவரை மாற்றுவது

ஏத்10கே சிப்புகளுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியில் இரண்டு ஜோடிகள் கிடைக்கின்றன. இங்கே ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருடையது அல்ல, வைஃபை சிப்புக்குள் ஓடுவது. ஒன்று லினக்ஸ் கர்னலோடு வரும் டிரைவரும் குவால்காமின் ஃபர்ம்வேரும். மற்றொன்று பெயரின் கடைசியில் 'சிடி' என்று முடியும் டிரைவரும் அதற்கான ஃபர்ம்வேரும். பல ரவுட்டர்களில் சிடி ஜோடிதான் முதலிலேயே இருக்கும். எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வீடு, கருவிக்குக் கருவி மாறுகிறது. இப்போது இருப்பது தொல்லை கொடுத்தால் மற்றதைப் போட்டு அளந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

ஜோடி என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் பெரிய பொறி. டிரைவரை மட்டும் மாற்றிவிட்டு ஃபர்ம்வேரைப் பழையபடி விட்டால் வைஃபை வராமலே போகலாம், அல்லது வந்து விநோதமாக நடந்துகொள்ளும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றுங்கள், இரண்டையும் ஒன்றாகப் போடுங்கள். ஃபர்ம்வேர் பொதியின் (பேக்கேஜின்) பெயரில் உங்கள் சிப்பின் எண் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலையை லேன் கேபிளில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். வைஃபை டிரைவரை வைஃபை வழியாகவே கழற்றினால் அடுத்த நொடி வெளியே நிற்பீர்கள்.

போட இரண்டு வழி. மெனுவில் சிஸ்டம், சாஃப்ட்வேர் பக்கத்தில் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, பழைய இரண்டு பொதிகளை நீக்கி, புதிய இரண்டைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்வது ஒன்று. நிலையான வெளியீட்டில் இது நடக்கும். ஸ்னாப்ஷாட் எனப்படும் தினசரிச் சோதனை வெளியீட்டைப் போட்டிருந்தால் சில நாளிலேயே கர்னல் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். கர்னலோடு ஒட்டிய பொதிகள் அதே கர்னலுக்கு மட்டும்தான் போகும். பழையதை நீக்கிய பிறகு இந்த மறுப்பு வந்தால் வைஃபை இல்லாத ரவுட்டர்தான் மிச்சம். ஆகவே புதிய பொதிகளை முன்கூட்டியே லேப்டாப்பில் இறக்கி வையுங்கள். முதலிலேயே ஃபர்ம்வேரில் இருந்த பொதியை நீக்கினால் இடம் திரும்பக் கிடைக்காது என்பதையும் கவனியுங்கள். அது படிக்க மட்டுமான பகுதியில் இருக்கிறது. புதியது மீதி இடத்தில் உட்கார வேண்டும். 8 எம்பி ஃபிளாஷ் கொண்ட பழைய ரவுட்டரில் இடம் பற்றாமல் பாதியில் நிற்கும்.

நான் சிபாரிசு செய்வது இரண்டாவது வழி. ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்து, பொதிகளைத் திருத்தும் பெட்டியைத் திறங்கள். வேண்டாத இரண்டின் பெயருக்கு முன் மைனஸ் குறி போட்டு, வேண்டிய இரண்டைச் சேர்த்து, உருவாக்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் உங்களுக்கென்று ஒரு ஃபர்ம்வேர் கிடைக்கும். சிஸ்அப்கிரேட் வகைக் கோப்பை இறக்குங்கள். ஃபேக்டரி வகை, நிறுவன ஃபர்ம்வேரிலிருந்து முதல்முறை மாறுகிறவர்களுக்கு. ஏற்றும் பக்கத்தில் காட்டும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணும் பதிவிறக்கப் பக்கத்தின் எண்ணும் ஒன்றா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் எதையும் தொடாதீர்கள். விளக்கு மினுக்குவதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுப் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

எம்டி76 ரவுட்டர்களில் இப்படி மாற்று ஜோடி கிடையாது. அங்கே டிரைவரை மாற்றுவது என்றால் ஓப்பன்டபிள்யூஆர்டியின் வெளியீட்டையே மாற்றுவது: முதலில் இப்போது இருக்கும் பெரிய வெளியீட்டின் கடைசித் திருத்த வெளியீடு, அது போதாவிட்டால் அடுத்த பெரிய வெளியீடு. பழைய வெளியீட்டுக்குத் திரும்பும்போது செட்டிங்ஸை வைத்துக்கொள்ளும் பெட்டியில் டிக் போட வேண்டாம். புதிய வெளியீட்டின் செட்டிங்ஸ் பழையதற்குப் புரியாமல் போகலாம்.

ரவுட்டர் எழவில்லையென்றால் பதறாதீர்கள். லேப்டாப்பின் முகவரியை 192.168.1.2 என்று கையால் வைத்து, லேன் கேபிளைச் செருகி, ரவுட்டரை இயக்கி விளக்கு வேகமாக மினுக்கத் தொடங்கியதும் ஒரு பொத்தானை அழுத்தினால் ஃபெயில்சேஃப் நிலைக்குப் போகும். அங்கிருந்து செட்டிங்ஸைத் துடைக்கலாம். அதுவும் வராவிட்டால், கேபிள் வழியாக ஃபர்ம்வேர் கோப்பை அனுப்பும் டிஎஃப்டிபி வழி மீட்பு. அதன் கோப்புப் பெயரும் முகவரியும் மாடலுக்கு மாடல் வேறு. ஆகவே உங்கள் மாடலின் மீட்புப் பக்கத்தை முன்பே போனில் சேமித்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் வீட்டில் இணையம் இருக்காது.

9. திரும்ப அளந்து, ஒரு வாரம் விடுங்கள்

அதே அறை, அதே நாற்காலி, அதே லேப்டாப், அதே சேனல். முன்பு எடுத்த எண்களுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். முதல் மணி நேரத்தில் எல்லா ரவுட்டரும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். சில டிரைவர் கோளாறுகள் நாள்கணக்கில் ஓடிய பிறகுதான் தலைகாட்டும். ஒரு வாரம் ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டு, மாலை நேரத்தில் ஒருமுறை அளங்கள். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, பின் மெல்ல மோசமாகிறது என்றால் இன்னும் டிரைவரில்தான் ஏதோ இருக்கிறது.

10. சரியாகவில்லை என்றால் டெவலப்பர்களிடம்

"வைஃபை ஸ்லோ" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எம்டி76-க்கும் ஓப்பன்டபிள்யூஆர்டிக்கும் கிட்ஹப் என்ற, நிரல்களை வைத்திருக்கும் இணையதளத்தில் புகார்ப் பகுதி உண்டு. புகாரோடு வைக்க வேண்டியவை: மாடலும் வெர்ஷனும், எந்த வெளியீடு, எந்த வெளியீடு வரை நன்றாக இருந்தது, கர்னல் லாக் முழுவதும், சோதித்த கருவிகளின் சிப், கேபிளிலும் வைஃபையிலும் சும்மாவும் சுமையிலும் எடுத்த பிங். எங்கே கெட்டது என்று வெளியீட்டு எண்ணோடு சொல்ல முடிந்தால் பாதி வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். லாகை ஒட்டும் முன் ஒவ்வொரு கருவிக்கும் உரிய 'மேக்' அடையாள எண்கள், வைஃபையின் பெயர், பிபிபிஓஇ யூசர் பெயர் மூன்றையும் அழித்துவிடுங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம். வந்தால் பெரும்பாலும் "இந்த பேட்ச்சை (திருத்த நிரலை)ப் போட்டுப் பாருங்கள்" என்றுதான் வரும். அதற்குள் வேலை கெடக்கூடாது என்றால் வீடியோ கால் பேசும் மேசைக்கு மட்டும் அந்த லேன் கேபிளை இழுத்துவிடுங்கள்.

சரியானவர்களுக்கு ஒன்று. எட்டாவது படியில் கொடுத்த பொதிப் பட்டியலை அப்படியே ஒரு கோப்பில் சேமித்து, செட்டிங்ஸ் பேக்கப்போடு வையுங்கள். பேக்கப்பில் செட்டிங்ஸ் மட்டும்தான் இருக்கும், டிரைவர் தேர்வு இருக்காது. அடுத்த முறை சாதாரண ஃபர்ம்வேரை இறக்கி அப்டேட் செய்தால் பழைய டிரைவரே சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.